தில்லியில் முதல் ஓராண்டு: புதிதாகக் குடிவருவோருக்கு

மாற்றல் உத்தரவோடு வரும் அரசு ஊழியர்களும், நொய்டாவிலோ குருகிராமிலோ வேலை கிடைத்து வரும் இளைஞர்களும் பெரும்பாலும் மார்ச் கடைசிக்கும் ஜூலைக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் தில்லிக்குக் குடிவருகிறார்கள். பள்ளிகள் ஏப்ரலில் திறந்துவிடுவது அதற்கு ஒரு காரணம். வந்த வேகத்தில், கொளுத்தும் வெயிலை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் குளுகுளுவென்று இருக்கும் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வீட்டுக்கு டிசம்பரில் சூரியன் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதும், துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாது என்பதும், சுவரோரம் கட்டிலைப் போட்டுப் படுக்க முடியாது என்பதும் குளிர் தொடங்கிய பிறகே தெரியவருகின்றன. இந்த ஊரில் வீட்டைப் பருவங்களைக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்; தெருவை அதன் மனிதர்களைக் கொண்டு அறிந்துகொள்ள வேண்டும். இவை இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மற்றவற்றை ஓராண்டுக்குள் ஒவ்வொன்றாகச் சீர்செய்துகொள்ளலாம்.

எந்தப் பகுதியில் குடியேறுவது

கரோல் பாக், ஆர்.கே.புரம், முனிர்கா, மயூர் விஹார், ஜனக்புரி ஆகியவை தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதிகள். இவை எல்லாவற்றுக்கும் மெட்ரோ வசதி உண்டு. கரோல் பாக் நீலத் தடத்தில் இருக்கிறது, ஆர்.கே.புரமும் முனிர்காவும் மெஜந்தா தடத்தில் இருக்கின்றன. மயூர் விஹார் முதல் பகுதியில் நீலத் தடமும் இளஞ்சிவப்புத் தடமும், ஜனக்புரி மேற்கில் நீலத் தடமும் மெஜந்தா தடமும் சந்திக்கின்றன. நொய்டாவில் வேலை செய்பவருக்கு மயூர் விஹார் வசதியானது. குருகிராமுக்குப் போகிறவர் முனிர்காவில் ஏறி ஹௌஸ் காஸில் மஞ்சள் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்தே போக முடியுமா என்பதை மே மாத நண்பகலையும் ஜனவரி மாத விடியலையும் நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஒரு கிலோமீட்டர் என்பது காகிதத்தில் சிறிய தூரம்தான். 44 டிகிரி வெயிலில் அது வேறு.

தமிழர் அதிகம் உள்ள பகுதியில்தான் இருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்து இது: வயதான பெற்றோரை உடன் அழைத்து வருபவர்கள் கட்டாயம் அப்படிப்பட்ட பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் அலுவலகத்துக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு நாள் முழுவதும் வீட்டில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். மாலையில் பூங்காவில் ஒரு தமிழ்க் குரலும், நடக்கிற தூரத்தில் ஒரு கோயிலும் இருந்தால் அவர்களுடைய நாள் நல்லபடியாகக் கழியும். ஆர்.கே.புரத்துக் குன்றின் மேல் உள்ள சுவாமிநாத சுவாமி கோயில், இங்குள்ளவர்கள் மலை மந்திர் என்று அழைக்கும் கோயில், எத்தனையோ முதியவர்களுக்கு அன்றாட வாழ்க்கையின் மையமாக இருந்துவருகிறது. கணவன், மனைவி இருவர் மட்டும் என்றால் வேலையிடத்துக்கு அருகில் இருப்பதே மேல்.

மாணவர்களும் தனியாக வரும் இளைஞர்களும் முனிர்கா, கட்வாரியா சராய், பேர் சராய் போன்ற, நகரம் சூழ்ந்துகொண்ட பழைய கிராமங்களில் அறை எடுக்கிறார்கள். வாடகை குறைவு என்பது உண்மை. ஆனால் இங்கே பல கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி எழும்பியிருக்கின்றன. சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழையாது. படிக்கட்டு ஒன்றுதானா, மொட்டை மாடிக் கதவு பூட்டப்பட்டிருக்கிறதா, மின் மீட்டர்கள் படிக்கட்டின் அடியில் குவிந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். கீழே மீட்டர்களும் மேலே பூட்டிய கதவுமாக உள்ள கட்டடத்தில் எவ்வளவு குறைந்த வாடகைக்கும் குடிபோக வேண்டாம்.

வீட்டைப் பார்க்கும்போது

நம் ஊரில் தெற்குப் பார்த்த வீடு என்றால் பலர் தயங்குவார்கள். தில்லியில் தெற்குப் பார்த்த பால்கனி ஒரு வரம். டிசம்பர் மாத நண்பகலில் சென்னையில் சூரியன் தென்வானில் ஏறக்குறைய 53 டிகிரி உயரத்தில் இருக்கும். தில்லியிலோ 38 டிகிரிக்கு மேல் ஏறாது. அந்தச் சாய்ந்த வெயில் தெற்கு ஜன்னல் வழியாக அறையின் நடுப்பகுதி வரை வந்து விழும். ஜூன் மாதத்தில் அதே சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக நிற்பதால் தெற்கு ஜன்னலுக்குள் வெயில் அதிகம் நுழையாது. ஆகவே குளிரில் சூடும் கோடையில் நிழலும் தருவது தெற்குதான். மேற்குப் பார்த்த படுக்கையறையைத் தவிர்த்துவிடுங்கள். கோடையில் மாலை ஏழு மணி வரை வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டே இருக்கும், அந்தச் சூடு இறங்க நள்ளிரவாகும். முன்னும் பின்னும் வேறு கட்டடங்கள் நெருக்கி நிற்கும் வீடு என்றால் திசை பார்த்துப் பயனில்லை. எதிர்க் கட்டடத்தின் உயரத்தைப் பாருங்கள்.

அடுத்தது எந்த மாடி என்பது. மேல் மாடியில் கூரைத் தளம் மே, ஜூன் இரண்டு மாதமும் அடுப்பாகக் காயும். தண்ணீர்த் தொட்டியும் வெயிலில் நிற்பதால் பகலில் குழாயைத் திறந்தால் கொதிநீர் வரும். ஆனால் குளிர்காலத்தில் மொட்டை மாடி வெயில் முழுவதும் உங்களுக்குத்தான். தரைத்தளத்தில் குழாய் நீர் தானாகவே நல்ல வேகத்தில் வரும், முதியவர்கள் படியேற வேண்டியதில்லை. அதே சமயம் ஈரம், கொசு, இருட்டு மூன்றும் அங்கேதான் தங்கும். சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு முதல் மாடியையே நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். சுவரின் கீழ்ப்பகுதியில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சுவரில் ஊறும் இந்த ஈரத்தை இங்கே சீலன் என்பார்கள். புதிதாக வெள்ளையடித்த வீட்டில் இது கண்ணுக்குத் தெரியாது; அலமாரியைத் திறந்து உள்சுவரை முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடத் தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் கேட்பது நல்லது. தில்லியின் பெரும்பாலான காலனிகளில் குழாய் நீர் காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் என்றுதான் வரும். அந்த நேரத்தில் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். தொட்டி உங்களுக்கு மட்டுமா, எல்லா மாடிகளுக்கும் பொதுவா, மோட்டாரின் விசை யார் வீட்டில் இருக்கிறது, எத்தனை மணிக்கு நீர் வருகிறது என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். குளிர்காலத்தில் யமுனையில் அம்மோனியா அளவு ஏறும்போது வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களின் உற்பத்தி குறைந்துவிடும். அந்த நாட்களில் ஆழ்துளைக் கிணறு நீரோ லாரி நீரோ வருகிற தெருக்கள் எவை என்பதும் தேய்ப்பவருக்குத் தெரியும். அவர் விடியற்காலை முதல் இருட்டும் வரை அந்தத் தெருவிலேயே நிற்பவர். எந்த வீட்டில் ஏன் குடித்தனக்காரர்கள் நிலைப்பதில்லை என்பதையும் அறிந்தவர். இரண்டு சட்டைகளைத் தேய்க்கக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகப் பேசிப் பாருங்கள்.

மின்சார மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்க வேண்டும். இப்போதைய விதிப்படி மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. 201 முதல் 400 யூனிட் வரை பாதிக் கட்டணம் மானியமாகக் கிடைக்கிறது, அதற்கு உச்சவரம்பு 800 ரூபாய். இரண்டு மாடிகள் ஒரே மீட்டரில் ஓடினால் இருவருடைய பயன்பாடும் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டிவிடும். சில வீட்டுக்காரர்கள் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே ஒரு விலை சொல்வார்கள். அந்த விலையைக் கேட்டு, சென்ற மே மாதத்து ரசீதையும் காட்டச் சொல்லி, பிறகு வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

கார் வைத்திருப்பவர்கள் நிறுத்துமிடத்தை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். தில்லித் தெருக்களில் அண்டை வீட்டாருக்கிடையே மனக்கசப்பு பெரும்பாலும் வண்டி நிறுத்துவதில்தான் தொடங்குகிறது. எந்த இடம் யாருடையது என்பது எழுதப்படாத வழக்கமாக இருக்கும். காலியாக இருக்கிறதே என்று போய் நிறுத்திவிடாமல் காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியைக் கொண்டுவர விரும்பினால், புறப்படும் முன்பே அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்கிவிடுங்கள். 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பழைய டீசல் வண்டியாக இருந்தால் தில்லியின் கட்டுப்பாடுகள் அதைத் தெருவில் ஓடவிடாமல் செய்யக்கூடும். லாரியில் ஏற்றுவதற்கு முன் அந்த நாளைய விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தமும் காவல் நிலையப் பதிவும்

வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். முன்பணம் ஒரு மாத வாடகையாகவோ இரண்டு மாத வாடகையாகவோ இருக்கும். தரகருக்குப் பதினைந்து நாள் வாடகை அல்லது ஒரு மாத வாடகை தருவது வழக்கம். வீடு காட்டுவதற்கு முன்பே பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, இடையிலேயே காலி செய்தால் முன்பணம் என்னவாகும், 11 மாதம் முடிந்ததும் வாடகை எவ்வளவு உயரும், வெள்ளையடிக்கும் செலவு யாருடையது ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றலுக்கு உட்பட்ட வேலையில் இருப்பவர்கள், மாற்றல் உத்தரவு வந்தால் ஒரு மாத முன்னறிவிப்போடு விடுபடலாம் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

உணவுப் பழக்கத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அசைவம் சமைக்கக் கூடாது என்று நிபந்தனை வைக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வீடு நன்றாக இருக்கிறது என்பதற்காக மறைத்துக் குடியேறினால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயந்துகொண்டே சமைக்க வேண்டியிருக்கும். அது வாழ்க்கையல்ல, வேறு வீடு கிடைக்கும்.

குடித்தனக்காரரைப் பற்றிய விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை. இணையம் வழியாகவும் செய்யலாம், உள்ளூர்க் காவல் நிலையத்தில் படிவமாகவும் தரலாம். அவர் அலட்சியமாக இருந்தால் நீங்களே நினைவூட்டி, செய்து முடித்ததற்கான ஒப்புகையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு அறையையும், சுவர்க் கறைகளையும், மின் மீட்டரின் எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் முன்பணத்தைப் பற்றிய பேச்சு இதனால் சுருங்கிவிடும்.

முதல் வாரம்

சமையல் எரிவாயுதான் முதல் வாரத்துத் தலையாய கவலை. பல பகுதிகளில் இந்திரப்பிரஸ்தா நிறுவனத்தின் குழாய் எரிவாயு வீட்டுக்கே வருகிறது. அப்படி இருந்தால் பழைய பாக்கி இல்லை என்பதற்கான ரசீதைப் பாருங்கள். உருளைதான் என்றால், ஊரில் உள்ள இணைப்பை மாற்றிக்கொண்டு வரும்வரை ஐந்து கிலோ சிறிய உருளையை வாங்கிச் சமாளிக்கலாம். அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும்.

பாலுக்கு மதர் டெய்ரி சாவடிகள் உண்டு. அங்கே இயந்திரத்தில் பாத்திரத்தை வைத்துப் பால் பிடித்துக்கொள்ளலாம். பாக்கெட் பாலைவிட விலை குறைவு. அதே நிறுவனத்தின் சஃபல் கடைகளில் காய்கறி கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள் உங்கள் பகுதியில் எங்காவது ஒரு தெருவோரச் சந்தை கூடும். கிழமையின் பெயராலேயே அதைப் புத் பஜார், சனி பஜார் என்று அழைப்பார்கள். துடைப்பம் முதல் போர்வை வரை குடும்பத்துக்கு வேண்டிய எல்லாமே அங்கே உண்டு. இருட்டிய பிறகு போனால் காய்கறி விலை இறங்கியிருக்கும். கடைவீதிகளுக்கு வார விடுமுறை பகுதிக்குப் பகுதி மாறும்: கரோல் பாக், சரோஜினி நகர், லாஜ்பத் நகர் கடைகளுக்குத் திங்கட்கிழமை, கனாட் பிளேஸுக்கு ஞாயிற்றுக்கிழமை.

மெட்ரோவுக்கு ஸ்மார்ட் கார்டு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். வண்டி செல்லும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு உரியது. இரவில் கடைசி வண்டி உங்கள் நிலையத்தில் எத்தனை மணிக்கு என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு எண் 112.

தெருவின் மனிதர்கள்

புதிதாக வரும் நம்மவர்கள் பலர் அலுவலகத்துத் தமிழ் நண்பர்கள், ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு, ஞாயிற்றுக்கிழமைக் கோயில் என்ற வட்டத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். அந்த வட்டம் வேண்டும். அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறும்போது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்க்காரர் வந்து சேரும் முன், கீழ்வீட்டு ஆன்ட்டி தம் மகனை எழுப்பி வண்டியை எடுக்கச் சொல்லியிருப்பார். பஞ்சாபி, பிகாரி, பஹாடி, வங்காளி என்று யாராக இருந்தாலும் தில்லித் தெருவில் இந்த வழக்கம் உண்டு. அதைப் பெறுவதற்கு முன்பே அறிமுகம் வேண்டும்.

குடியேறிய முதல் வாரத்தில் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு மூன்றுக்கும் சென்று பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். வயதில் மூத்த பெண்மணியை ஆன்ட்டி ஜி என்றும், ஆண்களை அங்கிள் ஜி என்றும், உங்கள் வயதுள்ள பெண்ணைத் தீதி (அக்கா) அல்லது பாபி ஜி (அண்ணி) என்றும் அழைக்கலாம். காவலாளி, காய்கறி வண்டிக்காரர், ஆட்டோ ஓட்டுநர் எல்லாரும் பையா, அதாவது அண்ணன். யாரிடம் பேசினாலும், அவர் எந்த வேலை செய்பவராக இருந்தாலும், ஆப் (நீங்கள்) என்ற மரியாதைச் சொல்லையே பயன்படுத்துங்கள். உங்கள் இந்தியில் ஆண்பால், பெண்பால் எல்லாம் தவறிப்போனாலும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மரியாதை தவறினால் மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள்.

குப்பை எடுப்பவர், படிக்கட்டைப் பெருக்குபவர், காவலாளி, தேய்ப்பவர் ஆகியோருக்கு மாதம் எவ்வளவு தருவது என்பதை அண்டை வீட்டில் கேட்டு அதே தொகையைக் கொடுங்கள். குறைத்துப் பேரம் பேச வேண்டாம். குடியிருப்போர் நலச்சங்கம் பல காலனிகளில் இரவு பதினொரு மணிக்கு ஒரு வாயிலைத் தவிர மற்ற இரும்புக் கதவுகளைப் பூட்டிவிடும். எந்த வாயில் திறந்திருக்கும் என்பதைக் காவலாளியிடம் கேட்டு, இரவுப் பணியில் இருப்பவர் வீட்டில் யாரேனும் இருந்தால் அவரை நேரில் அறிமுகப்படுத்தி வையுங்கள்.

பண்டிகைகளில்தான் பழக்கம் உறவாகிறது. தீபாவளிக்கு அண்டை வீட்டிலிருந்து இனிப்புப் பெட்டி வரும். நீங்களும் முறுக்கோ மைசூர்பாகோ செய்து கொடுத்தனுப்புங்கள். ஜனவரி 13ஆம் தேதி இரவு தெருவில் லோஹ்ரிப் பண்டிகைக்காக நெருப்பு மூட்டுவார்கள். கூப்பிட்டால் தயங்காமல் போய் நின்று, வேர்க்கடலையும் ரேவடி என்ற எள் மிட்டாயும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஓரிரு நாளில் உங்கள் பொங்கலில் ஒரு கிண்ணம் எடுத்துச் செல்லுங்கள். நவராத்திரி நாட்களில் அவர்களில் பலர் விரதம் இருப்பார்கள், வெங்காயமும் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். நீங்கள் கொலு வைத்தால் பக்கத்து வீட்டுப் பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து, வெங்காயம் சேர்க்காத சுண்டல் கொடுங்கள். மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கொலுவைப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் பஞ்சாபிக் குடும்பத்தினர்; படிகளில் எந்தப் பொம்மை எங்கே என்று அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஹோலி அன்று காலையில் மட்டும் வெளியூர்ப் பயணம், மருத்துவமனைச் சந்திப்பு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய துணி உடுத்திக்கொண்டு, தலையிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு கீழே இறங்குங்கள்.

சமையலறை

இட்லி மாவு தில்லியில் பலரைக் கலங்கவைக்கிறது. மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி வழிந்து புளித்துவிடும் அதே மாவு, ஜனவரியில் முழு நாள் வைத்தாலும் அசையாது. கோடையில் குளிர்ந்த நீர் விட்டு அரைத்து, இரவில் பாதிப் புளித்ததும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீர் விட்டு அரையுங்கள். கையால் நன்றாகக் கலந்து, மாவுப் பாத்திரத்தைச் சூடான நீர் உள்ள ஒரு பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, இரண்டையும் சேர்த்துப் பழைய ரஜாயால் (பஞ்சு வைத்த தடித்த போர்வையால்) சுற்றி வையுங்கள். மாலை ஆறு மணிக்கு வைத்தால் மறுநாள் நண்பகலில் பொங்கியிருக்கும். இடையில் ஒருமுறை வெளிப்பாத்திரத்து நீரை மாற்ற வேண்டும். அடுமனை அடுப்பு (ஓவன்) உள்ளவர்கள் அதைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவை உள்ளே வைத்துவிடலாம்.

சின்ன வெங்காயம், தேங்காய், வாழைக்காய், சேனை, நல்ல மீன் எல்லாவற்றுக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகலாம், தில்லி ஹாட் ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது. புழுங்கலரிசி, நல்லெண்ணெய், அப்பளம் போன்றவை முனிர்கா, கரோல் பாக், மயூர் விஹார் பகுதிகளில் உள்ள தென்னிந்தியக் கடைகளிலேயே கிடைக்கும். ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வரவேண்டிய அவசியமில்லை. கறிவேப்பிலைக்குக் கடை தேட வேண்டாம். காலனிப் பூங்காக்களிலும் தரைத்தளத்து வீட்டு முற்றங்களிலும் மரமாகவே நிற்கிறது, கேட்டால் தருவார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே கிடைக்கும் காய்கறிகளை ஊர் நினைப்பில் தவறவிடாதீர்கள். சிவந்த கேரட், பச்சைப் பட்டாணி, வெந்தயக் கீரை, காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் அந்த மாதங்களில் மலிவாகவும் சுவையாகவும் இருக்கும். பட்டாணியைக் கிலோக் கணக்கில் வாங்கி, வெயிலில் உட்கார்ந்து உரித்து, உறைபெட்டியில் சேமிப்பது இங்குள்ள குடும்பங்களின் வழக்கம், நாமும் செய்யலாம்.

பருவத்துக்கு ஏற்ற ஏற்பாடுகள்

மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து லூ என்னும் அனல்காற்று வீசும். காற்று வறண்டிருப்பதால் அப்போது தண்ணீர்க் கூலர் மிக நன்றாக வேலை செய்யும். ஜூன் கடைசியில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறிய பிறகு அதே கூலர் அறையைப் புழுக்கமாக்கும். அதற்குக் குளிர்சாதனம்தான் வழி. கூலர் தொட்டியை வாரம் ஒருமுறை முழுவதும் வடித்துக் காயவிட வேண்டும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இங்கே டெங்குக் காலம், கொசு முட்டையிடும் முதல் இடம் அந்தத் தொட்டிதான். மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள்.

அக்டோபர் பாதியிலிருந்து காற்றின் தரம் கெடத் தொடங்கும். காற்று அசையாமல் தணிந்து நிற்பது, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெற்தாள் எரிப்பது, வண்டிப் புகை, பட்டாசு எல்லாம் சேர்ந்து நவம்பரில் உச்சத்தைத் தொடும். காற்றுத் தரக் குறியீடு 301ஐத் தாண்டினால் முதியவர்களின் காலை நடையை நிறுத்திவிடுங்கள். 401ஐத் தாண்டினால் கட்டுமானங்களுக்குத் தடை, சிறு வகுப்புகளை இணையத்துக்கு மாற்றுவது போன்ற கட்டுப்பாடுகள் வரும். என்95 முகக்கவசமே பயன் தரும். துணிக் கவசம் இந்தப் புகையைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் செப்டம்பரிலேயே மருத்துவரைப் பார்த்து மருந்துகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு ஸ்வெட்டரை ஊரிலிருந்து வாங்கி வராதீர்கள். அங்கே விற்பவை இந்தக் குளிருக்குப் போதாது. நவம்பரில் சரோஜினி நகரிலோ, லாஜ்பத் நகரிலோ, காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள மோனாஸ்ட்ரி மார்க்கெட்டிலோ வாங்குங்கள். ஒரு தடித்த உடையைவிட மெல்லிய உள்ளாடை, சட்டை, ஸ்வெட்டர் என்று அடுக்கி அணிவதே கதகதப்பு. தரை சில்லிடும் என்பதால் வீட்டுக்குள்ளும் காலுறையும் செருப்பும் தேவைப்படும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடக்க வேறொரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை மட்டும் தயவுசெய்து மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: மூடிய அறையில் கரி அடுப்பையோ அங்கீட்டி எனப்படும் தணல் சட்டியையோ வைத்துக்கொண்டு ஒருபோதும் உறங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதனால் உயிர்கள் போகின்றன. காற்றுப் போக்கு இல்லாத குளியலறையில் எரிவாயு கீசரும் அதே அளவு ஆபத்தானது. மின் ஹீட்டர் வைத்தாலும் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தே வையுங்கள்.

முகவரியும் ஆவணங்களும்

ஒப்பந்தம் கையில் வந்ததும் ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலில் இடமாற்றத்துக்குப் படிவம் 8. தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளவர்கள், ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தின் கீழ் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப் பயனாளிகளாக இருந்தால், தில்லியின் ரேஷன் கடைகளிலேயே தானியம் வாங்கலாம்.

கூலி வேலைக்கு வந்து குடிசைப் பகுதிகளில் தங்கும் நம் மக்களுக்கு ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருப்பது இன்னும் முக்கியம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டிப் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டபோது, தகுதி உண்டு என்று ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டது. அந்தத் தகுதியை முடிவு செய்தவை குடியிருந்த காலத்தைக் காட்டும் காகிதங்கள். வாக்காளர் அட்டை, மின் ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மருத்துவமனைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். படமெடுத்து ஊரில் உள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் உட்கார்ந்து இதைச் செய்துகொடுங்கள்.

பள்ளியும் ஊர்ப் பயணமும்

பிள்ளைகள் தமிழை எழுதப் படிக்க வேண்டும் என்று விரும்புவோருக்கு, 1923இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஆர்.கே.புரம், ஜனக்புரி முதலிய இடங்களில் இருக்கின்றன. தனியார் பள்ளிகளில் மழலையர் வகுப்புச் சேர்க்கை நவம்பர் இறுதி, டிசம்பர் மாதங்களிலேயே தொடங்கிவிடும். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்குப் பல பள்ளிகள் மதிப்பெண் தருவதால், வீடு தேடும்போதே பள்ளியையும் சேர்த்து யோசிப்பது நல்லது. வேறு பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை ஆர்.கே.புரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஊருக்குப் போகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஆகியவை சென்னைக்கும், திருக்குறள் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரிக்கும், சம்பர்க் கிராந்தி மதுரைக்கும் செல்கின்றன. முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கும். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் திறந்த அன்று காலையிலேயே எடுத்தால்தான் இடம் கிடைக்கும். ஜனவரியில் மூடுபனியால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகலாம் என்பதால், சென்னையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டியவர்கள் அதே நாளில் இணைப்பு வண்டி எடுக்க வேண்டாம். புறப்படும் முன் எரிவாயுவை மூடி, கூலர் தொட்டியை வடித்து, தண்ணீர்த் தொட்டிக் குழாயை அடைத்துவிட்டு, ஒரு சாவியைக் கீழ்வீட்டு ஆன்ட்டியிடமும், திரும்பும் தேதியைக் காவலாளியிடமும் கொடுத்துச் செல்லுங்கள்.